கோதை என்பது யார் பெயர்?

1946இல் ‘திரிவேணி’ என்ற ஆங்கில இதழில் ராஜாஜி ஒரு கருத்தைச் சொன்னார். ஆண்டாள் என்றொரு பெண் இருந்ததில்லை, அவள் தந்தை என்று மரபு சொல்லும் பெரியாழ்வாரே அந்தப் பெயரில் பாடியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொன்னவர் நாத்திகர் அல்ல. வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அதனால் வேண்டாதவர் பேச்சு என்று ஒதுக்கவும் முடியவில்லை, பக்தர்களால் விழுங்கவும் முடியவில்லை. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் வைரமுத்து ஆற்றிய உரையை ஒட்டி ஊர் கொதித்தபோது, இந்தப் பழைய கருத்தையும் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். அந்தச் சண்டை ஆண்டாளின் பிறப்பைப் பற்றியது. பாடியது யார் என்ற கேள்வி அதில் ஓரமாக வந்து தலைகாட்டிவிட்டுப் போயிற்று. இப்போது சத்தம் அடங்கிவிட்டது. கேள்வியை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாம்: ஆண்டாளின் இன்னொரு பெயரான கோதை என்பது ஒரு புனைபெயரா?

எங்கள் ஆலங்குளத்தில் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல, வெம்பக்கோட்டைப் பக்கம் அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம்) இந்தக் கேள்வியை யாரிடமும் சும்மா கேட்டுவிட முடியாது. மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடும் ஊர்கள் இவை. வில்லிபுத்தூருக்குப் போனால் இன்னும் கஷ்டம். அங்கே ஆண்டாள் புத்தகத்தில் இருப்பவள் அல்ல. நந்தவனத்தில் அவளைக் கண்டெடுத்த துளசி மாடம் இதோ என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அவள் இடது கையிலுள்ள கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மாதுளம்பூ மூக்காகிறது, மரவள்ளி இலை உடலாகிறது. மறுநாள் அது யாராவது ஒரு பக்தருக்குப் போய்விடும், அடுத்த கிளி கைக்கு வந்துவிடும். அவள் சூடிக்களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் மதுரைக்கும் புறப்படுகிறது. இப்படி ஒரு முகவரியோடு இருப்பவளை ‘அது உங்கள் அப்பா எழுதியது’ என்றால் எந்த ஊர்தான் பொறுக்கும்?

ஆனால் ஊர்ப்பாசம் சான்றாகாது. பாசுரங்களுக்குள் போவோம்.

ஆண்டாள் பெயரில் இருப்பவை திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும், ஆக 173 பாசுரங்கள். பெரியாழ்வார் பெயரில் 473. ஆழ்வார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பதிகத்தை முடிக்கும்போது கடைசிப் பாட்டில் பாடியவர் இன்னார், ஊர் இன்ன ஊர், இதைச் சொல்பவருக்கு இன்ன பலன் என்று முத்திரை வைத்துவிடுவார்கள். ஆண்டாளின் முத்திரைகளில் ‘பட்டர்பிரான் கோதை’, ‘விட்டுசித்தன் கோதை’ என்று வருகிறது. பட்டர்பிரானும் விட்டுசித்தனும் பெரியாழ்வாரின் பெயர்கள். சந்தேகப்படுகிறவர்கள் கை வைக்கும் இடம் இதுதான். பெரும்பாலான முத்திரைகளில் அப்பா பெயர் கூடவே வருகிறதே, மகள் தனியாக நிற்பது அரிதாக இருக்கிறதே என்கிறார்கள்.

அவர்கள் காட்டும் இன்னொரு சான்று பெரியாழ்வார் திருமொழியில் இருக்கிறது. மூன்றாம் பத்தில் ஒரு தாய் தன் ஒரே மகளைத் திருமால் கொண்டுபோய்விட்டான் என்று வீடு வெறிச்சோடிப் புலம்புகிறாள். மரபு இதை ஆண்டாளைப் பிரிந்த தகப்பனின் கண்ணீராக வாசிக்கிறது. எதிர்த்தரப்போ, ‘மகள் என்ற பாத்திரத்தை அவரே படைத்துக்கொண்டார் என்பதற்கு வேறென்ன வேண்டும்?’ என்று அதே பதிகத்தை எடுத்துக்கொள்கிறது. என் பார்வையில் இரண்டு தரப்புமே அந்தப் பதிகத்தை அளவுக்கு மீறிச் சுமக்கவைக்கின்றன. உடன்போக்கில் மகளைப் பறிகொடுத்த நற்றாய் இரங்குவது சங்க அகப்பாட்டிலிருந்து வரும் துறை. அதைப் பாட ஆழ்வாருக்கு மகள் இருந்திருக்கவும் வேண்டாம், மகளைக் கற்பனை செய்துகொண்டிருக்கவும் வேண்டாம்.

அப்படியானால் எங்கே பிடிப்பது? முத்திரையில்தான். ஆனால் ஆண்டாள் முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது, மற்ற ஆழ்வார்களின் முத்திரைகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

நம்மாழ்வார் பெண்ணாகிப் பாடியிருக்கிறார். பராங்குச நாயகி என்று அந்த நிலைக்கு வைணவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். திருமங்கையாழ்வாருக்குப் பரகால நாயகி. காதலனை நினைத்து ஏங்குவது, பறவையைத் தூது விடுவது, வளை கழல்வது எல்லாம் அவர்களிடமும் உண்டு. பதிகம் முடியும் இடத்தில் என்ன நடக்கிறது? நாயகி போய்விடுகிறாள். குருகூர்ச் சடகோபன் வந்து நிற்கிறார், கலியன் வந்து நிற்கிறார். குலசேகரர் தேவகியாகப் புலம்புகிறார், கோசலையாகத் தாலாட்டுகிறார், தசரதனாக அழுகிறார். கடைசிப் பாட்டில் கையெழுத்துப் போடுவது குலசேகரன்தான். பெரியாழ்வாரே யசோதையாகிக் குழந்தையைச் சப்பாணி கொட்டச் சொல்கிறார், நீராட அழைக்கிறார், பூச்சூட்ட அழைக்கிறார். பிள்ளைத்தமிழுக்கே அங்கிருந்துதான் வழி பிறந்தது. முத்திரையில் யசோதை வருவதில்லை, விட்டுசித்தன் வருகிறார்.

குரல் எவருடையதாகவும் இருக்கலாம், கையெழுத்து பாடினவருடையது. ஆழ்வார்களிடையே அது எழுதாத சட்டம். ஆண் பெண் குரலில் பாடுவது அங்கே வெட்கப்பட வேண்டிய காரியமே அல்ல. மறைந்துகொள்ளத் தேவை இல்லாத இடத்தில் பெரியாழ்வார் எதற்காக மகள் பெயர் ஒன்றைக் கட்டி எழுப்பி அதன் பின்னால் ஒளிய வேண்டும்? யசோதையாகிப் பாடிவிட்டு வெளிப்படையாகக் கையெழுத்திட்டவருக்கு, ஆய்ச்சிப் பெண்ணாகிப் பாடும்போது மட்டும் என்ன கூச்சம்?

இதைவிட நுட்பமான இடம் திருப்பாவையில் இருக்கிறது. இருபத்தொன்பது பாட்டிலும் பேசுபவள் ஆயர்பாடிப் பெண். தோழியை எழுப்புகிறாள், நந்தகோபர் வீட்டு வாசலில் நிற்கிறாள், நப்பின்னையிடம் முறையிடுகிறாள். முப்பதாம் பாட்டில் ஆயர்பாடி சட்டென்று விலகி, பாடியவள் புதுவையைச் சேர்ந்த பட்டர்பிரான் கோதை என்று வருகிறது. புதுவை என்பது இங்கே வில்லிபுத்தூர். அதாவது கோதையும் சடகோபரைப் போல, குலசேகரரைப் போல, வேடத்தையும் பெயரையும் தனித்தனியே வைத்திருக்கிறாள். வேடம் ஆய்ச்சி, கையெழுத்து கோதை. கோதையே பெரியாழ்வாரின் வேடம் என்றால், அது வேடத்துக்கு மேல் போட்ட வேடமாகிறது. பக்தி இலக்கியத்தில் வேறு எங்கும் அப்படி ஒரு கட்டுமானத்தை நான் பார்த்ததில்லை.

முத்திரைப் பாட்டுகளே பின்னால் சேர்த்தவையாக இருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அப்படிக் கொண்டால் சந்தேகத்துக்குக் காரணமான ‘விட்டுசித்தன்’ என்ற சொல்லும் சேர்ந்தே போய்விடும். ஒரு கையில் அதை விட்டுவிட்டு இன்னொரு கையில் பிடித்துக்கொள்ள முடியாது. மேலும், மு. இராகவையங்கார் திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பை வைத்துக் கணக்குப் போட்டு 731ஆம் ஆண்டைச் சொன்னார். அந்தத் தேதியை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று பொதுவாக வைத்துக்கொண்டாலும், இராமானுசர் காலத்தில் திருவரங்கத்து அமுதனார் பாடிய நூற்றந்தாதியில் சூடிக்கொடுத்தவள் தனியொருத்தியாக இடம்பெற்றுவிட்டாள். கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ பாடும்போது அவள் முழுக் காவியத்தின் நாயகி. இவை அவள் இருந்தாள் என்பதை நிரூபித்துவிடாது. ஆனால் அவளை அப்பாவின் நிழலாக அந்தக் காலத்தவர் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்படிப் பார்த்தது இருபதாம் நூற்றாண்டுதான்.

ஏன் இருபதாம் நூற்றாண்டுக்கு அப்படித் தோன்றியது? இங்கே கொஞ்ச நேரம் ஸ்காட்லாந்துக்குப் போய்வர வேண்டும்.

வில்லியம் ஷார்ப் 1855இல் பெய்ஸ்லியில் பிறந்தவர். கவிஞர், விமர்சகர், பத்திரிகைக்காரர். 1894இல் ‘ஃபியோனா மக்லியோட்’ என்ற பெயரில் ‘ஃபாரய்ஸ்’ என்ற நூல் வந்தது. மேற்குத் தீவுகளின் கடலும் பழங்கதையும் கேலிக் மொழியின் வாசனையுமாக எழுதிய அந்தப் பெண் கொஞ்ச காலத்தில் ஷார்ப்பைவிடப் பெரிய பெயராகிவிட்டாள். ஷார்ப்புக்கு உறவுக்காரி என்று ஊர் நம்பியது. வாசகர்கள் கடிதம் எழுதினார்கள், ஃபியோனாவும் பதில் எழுதினாள். கையெழுத்து ஷார்ப்பின் தங்கை மேரியுடையது! அண்ணன் எழுதித் தருவதைத் தங்கை தன் கையால் படியெடுத்து அனுப்பிவைத்தாள். ஆண்டுகள் போயின, ரகசியம் போகவில்லை. 1905 டிசம்பரில் சிசிலியில் ஷார்ப் இறந்தார். நண்பர்களுக்கு அவர் முன்பே எழுதிவைத்திருந்த கடிதங்கள் அதன் பிறகுதான் போய்ச் சேர்ந்தன, ஃபியோனா நான்தான் என்று. ஃபியோனாவின் நாடகத்தை வைத்து ரட்லண்ட் பௌட்டன் அமைத்த ‘தி இம்மார்டல் அவர்’ என்ற இசை நாடகம் 1922இல் லண்டனில் இருநூறு முறைக்கு மேல் மேடையேறியது. ஷார்ப் பெயரில் வந்த கவிதைகளை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ராஜாஜி சொன்னது சரியென்றால் பெரியாழ்வார் தமிழின் வில்லியம் ஷார்ப். இந்த ஒப்புமையிலேயே அந்தக் கருத்தின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. ஓர் ஆள் இரண்டு நடையில் எழுத முடியும், படித்தவர்களையும் ஏமாற்ற முடியும் என்று ஷார்ப் காட்டிவிட்டார். ஆகவே ‘ஆண்டாள் நடை வேறு, பெரியாழ்வார் நடை வேறு’ என்று மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஷார்ப் அதற்குப் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். அச்சகம், பதிப்பாளர், விமர்சகர், கடிதம் என்ற உலகம் அவருக்கு இருந்தது. எழுதியவனை நேரில் பார்க்காமலே வாசிக்கும் உலகம் அது. புனைபெயர் அங்கேதான் வேலை செய்யும். எட்டாம் நூற்றாண்டு வில்லிபுத்தூரில் பாட்டு வாய்வழியாகப் பரவியது. பூத்தொண்டு செய்யும் பட்டர் வீட்டில் மகள் இருக்கிறாளா இல்லையா என்பது ஊருக்கே தெரியும். ராஜாஜி, அச்சுலகத்துக் கவிஞனின் தந்திரத்தை அச்சில்லாத காலத்துக்கு அனுப்பிவைத்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

ஸ்காட்லாந்தில் இன்னொருவரும் உண்டு. கிறிஸ்டபர் மரே கிரீவ், 1892இல் லாங்ஹோமில் பிறந்தவர். ஹியூ மக்டியார்மிட் என்று சொன்னால்தான் இலக்கிய உலகுக்குத் தெரியும். ஸ்காட்ஸ் பேச்சுமொழியில் கவிதை எழுதுவதெல்லாம் பிற்போக்கு என்று சொந்தப் பெயரில் வாதாடிக்கொண்டிருந்தவர், 1922இல் அதே மொழியில் கவிதை எழுதி ஒரு நண்பர் எழுதியதாக அச்சேற்றினார். பிறகு மக்டியார்மிட் என்ற பெயர் நிலைத்தது. மக்டியார்மிடைப் பாராட்டிக் கிரீவ் கட்டுரையும் எழுதினார். 1926இல் வந்த ‘குடிகாரன் முட்செடியைப் பார்க்கிறான்’ என்ற நெடுங்கவிதை அந்நாட்டுக் கவிதையின் போக்கையே மாற்றியது. ஷார்ப்பைப் போல இவர் ஒளியவில்லை. சொந்தப் பெயரால் பேச முடியாத ஒன்றைப் பேச இன்னொருவனைப் பிறப்பித்துக்கொண்டார்.

தமிழில் ஆண்கள் வைத்துக்கொண்ட புனைபெயர்கள் பெரும்பாலும் மக்டியார்மிட் வகை. சுந்தர ராமசாமி கதைக்கு ஒரு பெயரும் கவிதைக்குப் பசுவய்யா என்ற பெயரும் வைத்திருந்தார். ‘எழுத்து’ இதழ் தொடங்கிய 1959லேயே பசுவய்யா அதில் வந்துவிட்டார். நெல்லையில் எஸ். கல்யாணசுந்தரம் வங்கி வேலை பார்த்துக்கொண்டு கதைகளில் வண்ணதாசனாகவும் கவிதைகளில் கல்யாண்ஜியாகவும் இருந்தார். இரண்டும் ஒரே ஆள் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் இரண்டாகவே வாசிக்கிறோம். புதுமைப்பித்தன் கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று பெரியவர் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு விளையாடினார். எங்களுக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில் நகைக்கடையில் உட்கார்ந்திருந்த ஆறுமுகம்தான் தேவதச்சன். சுஜாதா கவிஞராக அறியப்பட்டவர் அல்ல, ஆனாலும் சொல்லிவிடலாம்: எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டது, ரா.கி. ரங்கராஜனோடு குழப்பம் வராமல் இருக்க. ஒரு பெண்பெயரைச் சூட்டிக்கொள்ள ஆணுக்கு அவ்வளவு லேசான காரணம் போதும். அதற்காக அவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

பெண்கள் பக்கம் வந்தால் கதை மாறுகிறது.

தமிழில் தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்ட முதல் கவிஞர் என்று நான் காட்டக்கூடியவர் ஒரு பெண்தான். பெற்றோர் வைத்த பெயர் புனிதவதி என்று 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொல்கிறார். அவருடைய பதிகத்தில் அந்தப் பெயர் கிடையாது. ‘காரைக்கால் பேய்’ என்று கையெழுத்துப் போடுகிறார். வணிகன் மனைவி என்ற அடையாளத்தையும் அழகையும் கழற்றி வைத்துவிட்டு, பேய் என்பதைப் பெயராக எடுத்துக்கொண்ட துணிச்சல் எந்தச் சிறுபத்திரிகைக் கவிஞருக்கும் வரவில்லை. நாம் என்ன செய்தோம்? அந்தப் பேயை எடுத்துவிட்டு ‘அம்மையார்’ என்று வைத்தோம். மரியாதைதான். ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்த பெயர் அது இல்லை.

ஔவையார் விஷயம் இதற்கு நேரெதிர். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் ஒருவர், ஆத்திசூடி பாடியவர் வேறொருவர், இடையில் இன்னும் சிலர். பல நூற்றாண்டுக் கவிஞர்கள் ஒரே கிழவியாகக் கரைந்துவிட்டார்கள். சங்கப் பாடல்களில் பெயர் தொலைந்த புலவர்களைச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று அவர்களுடைய உவமையாலேயே அழைத்து ஆளுக்கொரு அடையாளம் கொடுத்த மரபு, ஔவைகளுக்கு அந்தச் சலுகையைக் காட்டவில்லை. அந்தப் பெயருக்குள் ஆண்கள் எத்தனை பேர் இருந்தார்களோ!

இன்றைக்கு வந்தால் சல்மா. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த ரொக்கையா, வயதுக்கு வரும் நேரத்தில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். பிறகு வீடு, ஜன்னல், திருமணம், மறுபடியும் வீடு. அவர் எழுதியது இரவில், கழிப்பறைக்குள், கையில் கிடைத்த தாளில். அதை ஒளித்துவைக்க வேண்டும், வெளியே கடத்த வேண்டும். கடத்திக்கொண்டுபோய்ச் சேர்த்தவர் அம்மா. மேரி ஷார்ப் அண்ணனுக்காகச் செய்ததை இங்கே ஒரு தாய் மகளுக்காகச் செய்தாள். அங்கே பிடிபட்டிருந்தால் ஒரு இலக்கிய விளையாட்டு கலைந்திருக்கும். இங்கே பிடிபட்டிருந்தால் பேனாவையே பிடுங்கியிருப்பார்கள். 2000இல் காலச்சுவடு வெளியிட்ட ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு சல்மா என்ற பெயரை நிலைநாட்டியது. அடுத்த ஆண்டே உள்ளாட்சித் தேர்தலில் நின்று பேரூராட்சித் தலைவரானார். 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்தது. 2025இல் மாநிலங்களவைக்குப் போனார். ஒளிந்துகொள்ள வைத்த பெயர் இன்று ஊரறிந்த பெயர், வீட்டார் வைத்த பெயரைத் தேடினால்தான் கிடைக்கிறது.

ஆண் புனைபெயர் வைத்தால் இரண்டாவது ஆள் ஆகிறான். பெண் வைத்தால், அப்போதுதான் அவள் முதல் முறையாக ஆள் ஆகிறாள். அவள் சொந்தப் பெயரில் எழுதிவிட்டால், அதிலும் காதலையும் உடலையும் நாச்சியார் திருமொழி அளவுக்குத் துணிந்து எழுதிவிட்டால், பின்னால் எந்த ஆண் இருக்கிறான் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். ராஜாஜிக்கு அந்த எண்ணம் இருந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது, அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்கவும் போவதில்லை. ஆனால் சடகோபரின் நாயகிப் பாட்டைப் பார்த்து ‘இதை அவர் வீட்டுப் பெண் யாராவது எழுதியிருப்பாளோ’ என்று இத்தனை நூற்றாண்டில் ஒருவரும் கேட்டதாக நான் படித்ததில்லை. சந்தேகம் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடுகிறது.

இனி செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முழுவதும் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியின் புண்ணியத்தில் மின்வடிவில் கிடைக்கிறது. இரண்டு பேர் பெயரிலும் உள்ள 646 பாசுரங்களின் யாப்பு, இடைச்சொல், விளி, வினைமுடிபு ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஷார்ப் தந்த எச்சரிக்கையை மறக்காமல் இருக்க, பெரியாழ்வார் யசோதையாகப் பாடிய பதிகங்களையும் தானாகவே பாடிய பதிகங்களையும் முதலில் தனித்தனியே எண்ணிவிட வேண்டும். ஒரே கவிஞன் குரல் மாற்றும்போது நடை எவ்வளவு நகர்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். அந்த இடைவெளிக்குள் கோதையின் நடை அடங்கினால் ராஜாஜி பக்கம் ஒரு புள்ளி, தாண்டினால் கோதை பக்கம் ஒரு புள்ளி. ராஜபாளையத்திலோ வில்லிபுத்தூரிலோ தமிழ் படிக்கும் பிள்ளை ஒருத்தி இரண்டு வருடம் உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலைதான். ஆய்வேட்டின் அட்டையில் அவள் தன் பெயரையே போட்டுக்கொள்ளட்டும்.